ரோஸ் மேரி, மெலிசா, மாயிம், ரேவன்: குழந்தை நட்சத்திரமாக வந்து காமெடியில் நிலைத்தது யார், எப்படி?

குழந்தை நட்சத்திரம் என்றாலே நமக்கு முதலில் ஞாபகம் வருவது வளர்ந்த பிறகு காணாமல் போனவர்கள்தான். ஷர்லி டெம்பிளை விடப் பெரிய குழந்தை நட்சத்திரம் ஹாலிவுட்டில் கிடையாது. அவரே 22 வயதில் சினிமாவை விட்டு விலகிவிட்டார். பிற்காலத்தில் கானாவுக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அமெரிக்கத் தூதராகப் போனார். அது வேறு வாழ்க்கை, பெரிய வாழ்க்கையும்கூட. ஆனால் தொழிலை விடாமல், அதிலும் டிவி காமெடியில், நடுவயது தாண்டியும் நின்றவர்கள் எப்படி நின்றார்கள்? அமெரிக்க நடிகைகள் நான்கு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு வெவ்வேறு வழிகள் தெரிகின்றன, எல்லாம் ஒரே தரம் இல்லை என்பதும் தெரிகிறது.

ரோஸ் மேரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 1923-இல் நியூயார்க்கில் பிறந்தவர், மூன்று வயதிலேயே மேடை ஏறியவர், 'பேபி ரோஸ் மேரி' என்ற பெயரில் என்பிசி வானொலியில் நாடு முழுக்கப் பாடியவர். அந்தக் குரல் குழந்தைக் குரலே இல்லை. கரகரப்பும் அழுத்தமும் கலந்த, அனுபவப்பட்ட பெண்ணின் குரல். யாரோ பெரியவரைப் பாடவைத்து ஏமாற்றுகிறார்கள் என்று நேயர்கள் சந்தேகப்பட, இது நிஜமாகவே குழந்தைதான் என்று காட்டுவதற்காகவே அவரை ஊர் ஊராக மேடையேற்றினார்கள். என்னைப் பொறுத்தவரை அவருடைய மொத்தத் தொழில் வாழ்க்கைக்கும் சாவி இதுதான். அவர் விற்றது மழலையை இல்லை. அதனால் மழலை போனபோது அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

1961 முதல் 1966 வரை ஓடிய 'தி டிக் வான் டைக் ஷோ' காமெடித் தொடரில் சாலி ராஜர்ஸ் என்ற பாத்திரம். டிவி நிகழ்ச்சி ஒன்றுக்கு நகைச்சுவை எழுதும் மூன்று பேரில் ஒரே பெண். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தபடி, ஆண்கள் இருவரும் கத்திக்கொண்டிருக்கும்போது தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரே வரியில் அறையைக் கவிழ்த்துவிடுவார். அந்த வேலை ஸ்டூடியோவில் கற்றது இல்லை, சின்ன வயதிலிருந்து வாடெவில் என்ற பல்சுவை மேடைகளிலும் கிளப்புகளிலும் நிஜ ஜனங்கள் முன்னால் நின்று கற்றது. கதை மெல்ல அலுவலகத்தை விட்டு, நாயகனின் மனைவியாக மேரி டைலர் மூர் நடித்த வீட்டுப் பக்கம் சாய்ந்ததில் அவருக்கு வருத்தம் உண்டு, அதை அவர் மறைக்கவும் இல்லை. தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, 1964-இல், கணவர் இறந்துபோனார். இருந்தும் கடைசி வரை நடித்தார். அதற்குப் பிறகு 'தி டோரிஸ் டே ஷோ', வருஷக்கணக்கில் 'ஹாலிவுட் ஸ்குவேர்ஸ்' என்ற போட்டி நிகழ்ச்சி, நடுவில் பாட்டுக் கச்சேரிகள். 2017-இல் 94 வயதில் இறந்தார். பேபி ரோஸ் மேரி காலத்திலிருந்து கணக்குப் போட்டால் ஒரு ஆயுள் முழுக்க மேடை.

மெலிசா ஜோன் ஹார்ட்டின் வழி நேர் எதிர். அவர் முதலிலிருந்தே கதாநாயகி. 1991-இல் 'கிளாரிசா' தொடர், அதில் கேமராவைப் பார்த்து நேராக நம்மிடம் பேசும் பெண். 1996-இல் இருந்து ஏழு சீசன் 'சப்ரினா', டீன் ஏஜ் சூனியக்காரியின் கதை. அதை அவருடைய அம்மாவே நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்து நடத்தினார், அது பெரிய பாதுகாப்பு. ஆனால் டீன் ஏஜ் பெண் என்ற அந்த அச்சு கழன்று வர நேரமாகிவிட்டது. 2003-இல் சப்ரினா முடிந்தது, அடுத்து நீண்ட நாள் ஓடிய காமெடித் தொடர் 2010-இல் 'மெலிசா அண்ட் ஜோயி'. நல்ல நடிகை, உழைப்பாளி, அதில் சந்தேகமே இல்லை. தலைப்பிலேயே தன் பெயரோ தன் பாத்திரமோ இருந்தாக வேண்டும் என்று வரும்போது வாய்ப்புகள் சுருங்கிவிடுகின்றன, அவ்வளவுதான்.

மாயிம் பியாலிக் கதையைத்தான் எல்லோரும் உதாரணம் சொல்வார்கள். அவர் பதின்பருவத்தில் நாயகியாக நடித்த 'பிளாசம்' தொடர் 1995-இல் முடிந்ததும் படிக்கப் போனார், 2007-இல் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் நரம்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 'பிக் பேங் தியரி'யில் அவர் வருவதற்கு முன்பே, முதல் சீசனிலேயே, பிளாசமில் நடித்த பெண் நரம்பியல் படித்தவராமே என்று ஒரு வசனம் வரும். 2010-இல் அவரே ஏமியாக வந்து நின்றார். அந்த முதல் காட்சியைப் பாருங்கள்: காபி கடையில் தொடரின் நாயகர்களில் ஒருவரான விஞ்ஞானி ஷெல்டன் முன்னால் நின்று, வருஷத்துக்கு ஒரு முறையாவது ஆண் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்பது அம்மாவுடன் போட்ட ஒப்பந்தம், பதிலுக்கு அம்மாவின் கிரில் அடுப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் பத்திரம் வாசிக்கிற மாதிரி சொல்வார். முகம் அசையாது. பார்வையாளர்கள் சிரித்து முடிக்கும் வரை அப்படியே காத்திருப்பார். துறுதுறுவென்று இருந்த பிளாசத்தின் சாயல் துளிகூட இல்லை. டிவிக்கான எம்மி விருதுக்கு நான்கு முறை பரிந்துரை சும்மா வரவில்லை.

ஆனாலும் இதை வழி என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனசு வராது. அவர் நடிப்புக்குத் திரும்பியதற்கு மருத்துவக் காப்பீடு ஒரு காரணம் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். விஞ்ஞானிகளைப் பற்றிய தொடர் ஒன்று அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததும், அதில் அவருக்கென்றே அளவெடுத்த மாதிரி ஒரு இடம் அமைந்ததும் அதிர்ஷ்டம். படிப்பு அவருடையது, திறமை அவருடையது, அந்தக் கதவு மட்டும் அவர் கையில் இல்லை.

ரேவன் சிமோன்? மூன்று வயதில், 1989-இல், 'தி காஸ்பி ஷோ'வில் ஒலிவியா. பெரியவர் பேசி முடித்ததும் ஒரு நொடி விட்டு, அப்புறம் பதில் சொல்வது அந்த வயதிலேயே வந்துவிட்டது. அடுத்து 'ஹேங்கிங் வித் மிஸ்டர் கூப்பர்', 2003-இல் 'தட்ஸ் சோ ரேவன்'. டிஸ்னி சேனலின் சொந்தத் தொடர்களில் முதன்முதலில் 100 எபிசோடைத் தொட்டது அதுதான். அதில் அவர் நடித்தது வருங்காலத்தைப் பார்க்கும் சக்தி உள்ள பெண்; அந்தக் காட்சி தோன்றும்போது கண் நிலைகுத்தி, உடம்பு அப்படியே உறைந்து, மறு நொடி ஏதாவது வேஷத்தில் கீழே விழுந்து புரள்வார். தன் அழகைப் பற்றிய கவலையே இல்லாமல் உடம்பால் சிரிக்கவைக்கும் பதின்பருவப் பெண்ணை டிவி அதிகம் பார்த்ததில்லை. 2017-இல் அதே பாத்திரத்தை அம்மாவாக்கி 'ரேவன்ஸ் ஹோம்' வந்தது, ஆறு சீசன் ஓடியது. பழைய தொடரைத் தூசி தட்டுவது சுலபமான வியாபாரம்தான், 'ஃபுல் ஹவுஸ்' குடும்பமும் அதைச் செய்தது. ரேவன் அதோடு நிற்கவில்லை. நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்தார், எபிசோடுகளை இயக்கவும் ஆரம்பித்தார்.

என் தீர்ப்பு ரோஸ் மேரிக்குத்தான். தலைப்பில் பெயர் வேண்டும் என்று காத்திருக்காமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எந்த வயதிலும் வேலை செய்ய முடிந்தவர் நால்வரில் அவர்தான். ஏமியாக மாயிம் ஜெயித்ததும் அதே பக்கத்து நாற்காலியில்தான் என்பதைக் கவனியுங்கள். வளர்ந்த பிறகு ரேவன் அதில் நிலையாக உட்கார்ந்து பார்க்கவில்லை, இதுவரை அவருடைய வெற்றிகள் பெரும்பாலும் தன் பெயரிலேயே வந்தவை. ஆனால் உடம்பிலும் நகைச்சுவை டைமிங்கிலும் ரோஸ் மேரிக்கு மிக அருகில் நிற்பவர் அவர்தான், கூடவே இயக்கமும் தெரியும். சாலி ராஜர்ஸாக ரோஸ் மேரி டிவியில் வரத் தொடங்கியபோது அவருக்கு வயது 38. 1985 டிசம்பரில் பிறந்த ரேவன் அந்த வயதைத் தாண்டிவிட்டார். பெரியவர்களுக்கான காமெடித் தொடர் ஒன்றில் அவருக்கு ஒரு நல்ல இரண்டாம் பாத்திரம் யாராவது எழுத வேண்டும்.