பேனா அருமை, மற்றதெல்லாம் தலையிடி: திரை டெப்லெட்டுக்கு மாறிய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய 13.3 அங்குலத் திரை டெப்லெட்டின் பேனாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லெப்டொப்போடு இணைத்து, திரையின் மேலேயே பேனாவால் படம் வரையும் சாதனம் அது. முனை வைத்த இடத்திலேயே கோடு விழுகிறது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி இருப்பதே தெரியாது. ஆனால் அந்தப் பேனாவால் ஒழுங்காக ஒரு கோடு இழுக்கும் நிலைக்கு வருவதற்குள் படாதபாடு பட்டுவிட்டேன். பாடுபடுத்தியது பெரும்பாலும் டெப்லெட்டைச் சுற்றியிருக்கும் சங்கதிகள்தான்: கேபிள், லெப்டொப், டிரைவர் (டெப்லெட்டை லெப்டொப்போடு பேசவைக்கும் மென்பொருள்), எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக் கரண்ட். யூடியூபில் விமர்சனம் செய்கிறவர்கள் இவற்றுக்கு அரை நிமிடம் ஒதுக்கினாலே பெரிய விஷயம். மலையகத்தில் இருந்து இதை வாங்க நினைக்கும் பிள்ளைகள் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சிறுவர் கதைப் புத்தகங்களுக்கும் பாடசாலைப் பயிற்சித் தாள்களுக்கும் படம் வரைந்து கொடுக்கிறேன். திருவிழாக் காலத்தில் கோயில் நோட்டீஸ் வரும், மாசி பிறந்தால் காமன் கூத்துக்கு ரதி, மதன் படம் கேட்டு வருவார்கள். இவ்வளவு காலமும் கையில் இருந்தது 'வன் பை வாகொம்' சிறிய டெப்லெட். திரை கிடையாது. வரையும் இடம் 152க்கு 95 மில்லிமீற்றர், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதற்கேற்பக் கோடு தடிக்கும், மெலியும்; அதில் 2048 நிலைகளைப் பிரித்தறியும். அதை வைத்தே நல்ல வேலைகள் செய்திருக்கிறேன். ஆனால் கை ஒரு இடத்தில், கண் இன்னொரு இடத்தில் என்று வரைவதில் ஒரு எல்லை இருக்கிறது. வயதான அம்மா ஒருவரின் முகத்தில் கண்ணோரச் சுருக்கம் போடும்போது அந்த எல்லை தெரியும். கோடு எங்கே தொடங்கும் என்பதைக் குத்துமதிப்பாகத்தான் வைக்க வேண்டியிருந்தது. பிழைத்தால் அழித்து மறுபடி, அழித்து மறுபடி. மாறுவதற்குக் காரணம் இதுதான்.

புதியதன் கம்பனிப் பெயரை எழுதவில்லை. இந்த அளவில், இந்த விலையில் கிடைக்கிற நாலைந்து கம்பனிகளின் பொருள்களும் ஏறத்தாழ இதே கேபிளோடும் இதே மாதிரி டிரைவரோடும்தான் வருகின்றன. எதை வாங்கினாலும் நான் பட்டதை நீங்களும் படலாம். விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 பக்கம் ஏறிய பிறகு இந்த வகைச் சாமான்களின் விலை பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமாகிவிட்டது. இவ்வளவு காசு கொடுப்பவரிடம், "உங்கட லெப்டொப்பில என்னென்ன துளை இருக்கு?" என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்டதற்கு வந்த பதில், "எல்லா லெப்டொப்புக்கும் போடலாம் அக்கா."

போட முடியவில்லை. என் லெப்டொப்பில் டைப் சி துளை இருக்கிறது. ஆனால் துளை ஒரே வடிவத்தில் இருந்தாலும் எல்லா டைப் சியும் ஒரே வேலையைச் செய்யாது. படத்தையும் வெளியே அனுப்பக்கூடிய டைப் சிக்கு டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ளேயே இருக்க வேண்டும். கொஞ்சம் பழைய, விலை குறைந்த லெப்டொப்களில் பெரும்பாலும் அது இருக்காது. தகவல் மட்டும்தான் போய்வரும். அப்படியானால் பெட்டிக்குள் இருக்கும் மூன்று தலைக் கேபிள்தான் கதி: ஒன்று படத்தை அனுப்பும் எச்டிஎம்ஐக்கு, ஒன்று பேனா தகவலுக்கான யூஎஸ்பி, மூன்றாவது கரண்டுக்கு. அந்த மூன்றாவதையும் லெப்டொப்பிலேயே செருகினால் திரை விட்டுவிட்டு அணையும். சாதாரண யூஎஸ்பி 2 துளை அரை அம்பியர்தான் கொடுக்கும், இந்தத் திரைக்கு அது காணாது. தனியாக போன் சார்ஜரில் செருக வேண்டும். மேசையில் ஏற்கெனவே லெப்டொப் வயர், மவுஸ் வயர், விளக்கு வயர். அவற்றோடு இந்த மூன்றும். கேபிள் டெப்லெட்டில் நுழையும் இடம் வலது பக்க ஓரத்தில் இருக்கிறது, எனக்கு வலது கை. கோடு இழுக்கும்போது முழங்கைக்குக் கீழே தடித்த வயர் உரசிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். உண்மையில் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் அடுத்தது.

மலைநாட்டுப் படம் என்றாலே சாய்ந்த கோடுகள். தேயிலை நிரைகள், சரிவில் இறங்கும் பாதை, லயத்துத் தகரக் கூரை, எல்லாமே சாய்வு. புதிய டெப்லெட்டில் அந்தச் சாய்ந்த கோட்டை மெதுவாக இழுத்தால் புழு நெளிவதுபோல நெளிந்தது. வேகமாக இழுத்தால் நேராக வந்தது. கண்ணாடி மேல் அடிமட்டத்தை வைத்து அதையொட்டி இழுத்தும் பார்த்தேன், அப்போதும் அதே நெளிவு. அப்படியானால் கை நடுக்கம் காரணமில்லை. கடைக்குப் போன் எடுத்தால் "டிரைவரைத் திருப்பிப் போடுங்க" என்ற ஒரே பதில். போட்டேன், மாற்றமில்லை.

இரவில் ஒருமுறை லெப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு வரைந்துகொண்டிருந்தபோது கோடு நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது. சார்ஜரைச் செருகினேன், நெளிந்தது. கழற்றினேன், நேராகியது. அதோடு இன்னொன்றும் பிடிபட்டது: சார்ஜர் செருகியிருக்கும்போது டெப்லெட்டின் பின்பக்க உலோகத்தில் விரலை மெதுவாக ஓட்டினால் ஒரு மெல்லிய அதிர்வு தெரியும்.

காரணம் இதுதான். இந்தப் பேனாவுக்குள் பெற்றரி கிடையாது. திரைக்குப் பின்னால் இருக்கும் பலகை ஒரு மின்காந்த அலையை அனுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் சிறிய கம்பிச் சுருள் அதை வாங்கிப் பதில் கொடுக்கிறது. அந்தப் பதிலை வைத்துத்தான் முனை எங்கே நிற்கிறது என்று டெப்லெட் கணிக்கிறது. மிக மெல்லிய சமிக்ஞை அது. லெப்டொப் சார்ஜரில் இருந்து வரும் மின் இரைச்சல் எர்த் வழியாக நிலத்துக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது கேபிள் வழியாக டெப்லெட்டுக்குள் வந்து இந்தச் சமிக்ஞையைக் குழப்புகிறது.

எங்கள் பக்கத்தில் லயன் வீடுகளிலும் பழைய குவாட்டர்ஸ்களிலும் வயரிங் எந்தக் காலத்தில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பிளக்கில் இருந்து மல்டி பிளக், அதிலிருந்து இன்னொன்று என்று இழுத்திருப்பார்கள். வட்டப் பின் துளைக்கும் சதுரப் பின்னுக்கும் நடுவே ஒரு அடப்டர் வேறு. வயரிங் வேலை தெரிந்த அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதுல எர்த் வயரே இல்ல, மூணாவது ஓட்டை சும்மாதான் இருக்கு" என்றார். எர்த் இழுத்துக் கொடுத்த அன்றிலிருந்து கோடு நெளியவில்லை, அந்த அதிர்வும் இல்லை. விரலில் அப்படி அதிர்வு தெரிந்தால் படத்தை விடுங்கள், வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்புக்காகவே தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டுக் காரியமல்ல. உடனே செய்ய வழியில்லாதவர்கள் மை போடும், அதாவது முடிவான கோடுகளை இழுக்கும் நேரத்திலாவது சார்ஜரைக் கழற்றிவிட்டு வரையலாம்.

டிரைவர் பற்றி. பழைய டெப்லெட்டின் டிரைவரை முழுதாக நீக்கி, லெப்டொப்பை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகுதான் புதியதை ஏற்ற வேண்டும். இரண்டும் உள்ளே இருந்தால் ஒன்றோடொன்று மோதும்: பேனா நகரும், ஆனால் அழுத்தம் வேலை செய்யாது, எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் விழும். நான் பாவிப்பது கிறிட்டா என்ற படம் வரையும் மென்பொருள். இலவசம், நன்றாக உழைக்கிறது. அதில் டெப்லெட் அமைப்புக்குப் போனால் விண்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழி இருக்கும். ஒன்றில் அழுத்தம் வராவிட்டால் மற்றதற்கு மாற்றி, கிறிட்டாவை மூடித் திறந்தால் வந்துவிடும். பேனாவைத் தொட்ட இடத்தில் ஒரு வட்டம் சுழன்று, கோடு தாமதமாகத் தொடங்கினால் அது விண்டோஸின் வேலை. கன்ட்ரோல் பெனலில் பேனா அமைப்புக்குள் போய், அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் வசதியை நிறுத்திவிடுங்கள். டெப்லெட்டில் வரைய, அம்புக்குறி லெப்டொப் திரையில் ஓடினால் டிரைவருக்குள் இரண்டாவது திரையைத் தெரிவு செய்ய வேண்டும். இவ்வளவும் ஒரு பக்கத் தாளில் அடங்கும் விஷயம். பெட்டிக்குள் இருந்த தாளில் எத்தனையோ மொழி இருந்தது, இதில் ஒன்றுகூட இல்லை.

இனி அழுத்தம். பெட்டியில் 8192 என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். 2048இல் இருந்து 8192க்கு வந்ததில் என் கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரிந்தது வேறொன்று: கோடு பிறப்பதற்கு எவ்வளவு குறைவாகத் தொட்டால் போதும் என்பது. கொழுந்து இலையின் நடு நரம்பு காம்பில் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலிந்து இல்லாமலே போக வேண்டும். பழைய பேனாவில் அந்த நுனி மொட்டையாக முடியும். கொஞ்சம் லேசாகத் தொட்டால் கோடே விழாது. புதியதில் பேனாவின் பாரமே போதும். கொழுந்து எடுக்கும் அம்மா இடுப்பில் கட்டியிருக்கும் படங்கின் மடிப்பை ஒரே இழுவையில் தடிப்பும் மெலிவுமாகக் கொண்டுவர முடிகிறது. இதற்காக மட்டும்தான் இந்தக் காசைக் கொடுத்தது வீண் போகவில்லை என்கிறேன். ஆனால் பெட்டியில் இருந்து எடுத்தவுடன் அப்படி இருக்காது. டிரைவரில் அழுத்த வளைவு என்று ஒன்று இருக்கிறது, அதை உங்கள் கைக்கு ஏற்ற மாதிரி வளைத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் இறுக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் வைத்தபோதுதான் சரி வந்தது.

கையும் புதிதாகப் பழக வேண்டும். 152 மில்லிமீற்றரில் மணிக்கட்டை மட்டும் ஆட்டி வரைந்த கை, 294 மில்லிமீற்றர் அகலத்துக்கு வந்தவுடன் திணறும். தோளில் இருந்து இழுக்க வேண்டும். பழைய டெப்லெட்டில் நிமிர்ந்து முன்னால் பார்ப்போம், இதில் குனிய வேண்டும். கூட வந்த மடக்குக் கால் போதாது, கழுத்து பிடித்துக்கொள்ளும். நல்ல சாய்வான ஸ்டாண்ட் ஒன்று செய்துகொள்ளுங்கள், தச்சரிடம் சொன்னால் பலகையில் அடித்துத் தருவார்.

நிறம்: எடுத்தவுடன் பச்சை கண்ணைக் குத்தும். இளங்கொழுந்தில் இருக்கும் அந்த மஞ்சள் கலந்த பச்சையைத் திரை தன் பாட்டுக்குத் தூக்கிக் காட்டுகிறது. அதை நம்பிக் கொடுத்தால் அச்சில் மங்கிப் போய் வரும். திரையின் மெனுவில் எஸ்ஆர்ஜிபி என்று இருக்கும் பொதுவான நிற அமைப்பைத் தெரிவு செய்து, ஒளியையும் குறைத்து வைத்தேன். முன்பு அச்சடித்த புத்தகப் பக்கம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன். இப்போது ஓரளவு நம்பலாம்.

திரை கொஞ்சம் சூடாகும் என்று கொழும்பில் இருப்பவர்கள் குறை சொல்கிறார்கள். தை மாத விடியலில் விரல் விறைத்துப் போயிருக்கும் எங்களுக்கு அந்தச் சூடு நல்லதுதான்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான் என் பெரிய பயம். வைகாசிக்குப் பிறகு காற்றும் மழையும் தொடங்கினால் எங்காவது ஒரு மரம் லைனில் விழும். பழைய டெப்லெட் லெப்டொப்பின் பெற்றரியிலேயே ஓடும். திரை உள்ளதற்குத் தனிக் கரண்ட் வேண்டும். நல்லவேளையாக என்னுடையதற்கு 5 வோல்ட், 2 அம்பியர் போதும். மூன்றாவது தலையைப் பவர் பேங்கில் செருகினால் வேலை நடக்கிறது. கடையில் இதைச் சொல்லவில்லை. வாங்கும் முன் அடப்டரில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 12 வோல்ட் என்று இருந்தால் சாதாரணப் பவர் பேங்க் உதவாது.

யாருக்கு இது? தினமும் மை போட்டு வரைந்து அதில் சம்பாதிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் எச்டிஎம்ஐ துளையும் எர்த்தும் இருப்பதை முதலில் உறுதி செய்த பிறகு. படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். நடுத்தர அளவில் திரையில்லாத ஒன்றை இதைவிட மிகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஒரே யூஎஸ்பி வயர், வேறு ஒன்றும் தேவையில்லை. மிச்சக் காசில் லெப்டொப்புக்கு ரெம் கூட்டுங்கள். முடிந்தால் நேரில் போய், உங்கள் லெப்டொப்பையும் கொண்டுபோய், கடையிலேயே செருகி, மெதுவாக ஒரு சாய்ந்த கோடு இழுத்துப் பார்த்து வாங்குங்கள். பிறகு உத்தரவாதம் என்று கினிகத்தேனை, அவிசாவளை வழியாக இதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கொழும்புக்கு அலைவது லேசான காரியமில்லை. அப்படியே மாற்று நிப் (பேனா முனை) ஒரு பக்கெட்டும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான திரையில் நிப் சீக்கிரம் தேய்கிறது, ஹட்டன் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை.