கடை இன்சோல், அளவெடுத்த இன்சோல், எம்.சி.ஆர். செருப்பு: எந்தக் காலுக்கு எது?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலின் உள்பக்கம் சுருக்கென்று குத்தும். நாலு அடி நடந்தால் தணியும். ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் திரும்பவும் குத்தும். பெரும்பாலும் இது பிளான்டார் ஃபேசியைடிஸ்தான். குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை, குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்தில் நொந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

மருந்துக் கடையில் கேட்டால் குதிகாலுக்கு அடியில் வைக்கும் சிலிக்கோன் ஹீல் கப் தருவார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) என்ற மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பை வாங்கச் சொல்வார்கள். கொஞ்சம் பெரிய கிளினிக்குக்குப் போனால் கால் ஸ்கேன், நடை ஆய்வு, உங்கள் பாதத்துக்கென்றே செய்த இன்சோல் (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் தட்டு) என்று போகும். சில நூறு ரூபாயில் தொடங்குவது பல ஆயிரத்தில் போய் நிற்கிறது. என் கணக்கில், வலி தெரிகிற காலுக்கு முதலில் விலை குறைந்ததே போதும். வலியே தெரியாமல் மரத்துப்போன காலுக்குத்தான் அளவும் கருவியும் அவசியம். நம் ஊரில் பணம் செலவாவது பெரும்பாலும் தலைகீழாக.

முதலில் கடை இன்சோலையும் அளவெடுத்த இன்சோலையும் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் குதிகால் வலிக்காரர்கள் 135 பேரை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் இன்சோல், இன்னொன்றுக்குக் கடையில் கிடைக்கும் கெட்டி ஃபோம் இன்சோல், மூன்றாவதற்குப் பேருக்கு ஒரு மெல்லிய ஃபோம். மூன்று மாதத்தில் முதல் இரண்டு குழுவினருக்கும் நடமாட்டம் கொஞ்சம் மேம்பட்டது. ஆனால் அந்த இரண்டுக்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே நிலை. இந்த வலி பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே அடங்குவதுதான் காரணம். அதாவது இன்சோல் நோயைத் தீர்ப்பதில்லை, தீரும்வரை நடக்க உதவுகிறது. அந்த உதவியைக் கடைச் சரக்கே செய்துவிடும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: விரலால் அழுத்தினால் தரை தட்டும் அளவுக்கு மெத்தென்று இருப்பது வேண்டாம், பாத வளைவைத் தாங்கும் கெட்டித்தனம் வேண்டும்.

இன்சோல் விற்பவர்கள் சொல்லாமல் விடும் போட்டியாளர் ஒன்று உண்டு: உடற்பயிற்சி. சுருட்டிய துண்டைக் கால்விரல்களுக்கு அடியில் வைத்து, படி விளிம்பில் நின்று, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க்கில் 48 பேரிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஷூவில் ஜெல் பேட் கொடுத்தார்கள். பாதிப் பேர் இந்தப் பயிற்சி செய்தார்கள், மீதிப் பேர் வெறுமனே நீட்டிப் பயிற்சி செய்தார்கள். மூன்றாவது மாதத்தில் ஏற்றி இறக்கியவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். செலவு, ஒரு பழைய துண்டு.

அப்புறம், நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. இன்சோல் ஷூவுக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். செருப்பே போடுகிறவர்கள் அதை எங்கே வைப்பது? வீட்டுக்குள் டைல்ஸ் தரையிலும் கிரானைட் தரையிலும் வெறுங்காலோடுதான் நடக்கிறோம். காலை எழுந்து சமையலறையில் இரண்டு மணி நேரம் நிற்கும் ஒருவருக்கு, வாசலில் கிடக்கும் ஷூவுக்குள் எவ்வளவு நல்ல இன்சோல் இருந்து என்ன பயன்? இந்த ஒரு காரணத்துக்காகவே, நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பவர்களுக்கு நான் எம்.சி.ஆர். செருப்பை முதலில் வைப்பேன். அதில் ஒரு ஜோடியை வீட்டுக்குள் போடுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். வெளியில் போட்டதை உள்ளே போட வீட்டில் யாரும் விடமாட்டார்கள்.

அளவெடுத்த இன்சோல் வீண் என்று சொல்லவில்லை. பாதத்தின் அமைப்பே மாறியவர்கள், விறைத்த தட்டைப் பாதம் உள்ளவர்கள், மூட்டு வாதத்தில் விரல்கள் கோணியவர்கள் போன்றோருக்குக் கடைச் சரக்கு பொருந்தாது. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அடங்காத வலிக்கும் யோசிக்கலாம்.

நடை ஆய்வு என்ற பெயரில் விற்கப்படுவது ஒரே சரக்கு அல்ல. அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் உங்களை நடக்கவிட்டு, ஒற்றைக் காலில் நிற்கவைத்து, பழைய செருப்பின் தேய்மானத்தைப் புரட்டிப் பார்ப்பதும் நடை ஆய்வுதான். சாதாரண வலிக்கு அது போதும். ஷூ கடை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் படம்பிடித்து, ‘கால் உள்பக்கம் சாய்கிறது, இந்த ஷூ வாங்குங்கள்’ என்பது அடுத்த ரகம். பாத வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூ கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்கப் படைகளில் பயிற்சி பெறும் ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்தார்கள். குறையவில்லை. மூன்றாவது, பாதம் எங்கே எவ்வளவு அழுந்துகிறது என்று பதியும் அழுத்தத் தட்டு. அதன் மேல் சும்மா நிற்கவைத்து, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு படம் அச்சடித்துத் தந்தால் அது நடை ஆய்வே இல்லை, நின்ற காலின் படம். நடக்கும்போது பதிந்தால்தான் பேச்சு. உடம்பில் ஒளியைப் பிரதிபலிக்கும் பொட்டுகளை ஒட்டிப் பல கேமராக்களால் பதியும் முப்பரிமாண ஆய்வகம் வேறு உலகம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையைத் திட்டமிட அது உதவும். குதிகால் வலிக்கு அங்கே போக வேண்டியதில்லை.

குழந்தையின் தட்டைப் பாதத்தைப் பார்த்துப் பதறி இன்சோல் வாங்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். கர்நாடகத்தில் 4 முதல் 13 வயதுவரையான 2,300 குழந்தைகளின் கால்தடங்களை எடுத்து ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்டார்கள். காலணி போட்டவர்களில் 8.6 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம். வலி இல்லாமல், நுனிக்காலில் நின்றால் வளைவு தெரிகிறது என்றால் குழந்தையை விளையாட விடுங்கள்.

கணக்கு தலைகீழாவது சர்க்கரை நோயாளியின் மரத்த காலில். அங்கே வலி எச்சரிக்காது. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளைக் கவனித்தபோது தெளிவாகியது இதுதான்: சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்தியே புண்ணாகிறது. எம்.சி.ஆர். செருப்பு அந்தப் பாதங்களுக்காக வளர்ந்ததுதான், குதிகால் வலிக்கு அது பிறகுதான் வந்து சேர்ந்தது. உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்பதை 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். குறைந்திருந்து, ஏற்கெனவே புண் வந்து ஆறியவர் என்றால் அளவெடுத்த காலணிக்குச் செலவழிக்கத் தயங்கக் கூடாது. ஷூவுக்குள்ளேயே மெல்லிய சென்சார் வைத்து நடக்கவிட்டு, அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே வருகிறதா என்று பார்த்துத் திருத்துவதுதான் இலக்கு. இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. இல்லாத இடத்தில் எம்.சி.ஆர். போடலாம், ஆனால் கட்டைவிரல் வார் வேண்டாம், பின்பக்கம் வெல்க்ரோ பட்டை வேண்டும். மரத்த காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்துபோகிறவர்கள் உண்டு. அடியில் ஆணி அடித்திருக்கக் கூடாது. புதுசை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, பாதத்தைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். எங்காவது சிவந்து, அரை மணி நேரத்தில் அது மறையவில்லை என்றால் அந்தக் காலணியைத் திரும்பக் கொடுத்துத் திருத்தி வாங்க வேண்டும்.