ஆறாவது விருந்தினர்: கொடைக்கானலில் ஒரு சபை இல்லத்தில் மூன்று இரவுகள்

கார்த்திகை இரண்டாம் வாரத்தின் இறுதியில், வெள்ளிக்கிழமை மாலை முதல் திங்கட்கிழமை காலை வரை, கொடைக்கானலில் ஒரு திருச்சபை நடத்தும் விருந்தினர் இல்லத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்தோம். நானும் என் கணவரும், 78 வயதான என் மாமியாரும், என் நாத்தனாரும் அவர் மகளுமாக ஐந்து பேர். மதுரையிலிருந்து எங்களை அழைத்துவந்த வேன் ஓட்டுநர் தம்பியையும் சேர்த்தால் ஆறு பேர். அந்த ஆறாவது ஆளை எப்படி நடத்துகிறார்கள் என்பதைக் கொண்டே ஒரு சபை இல்லத்தை மதிப்பிட வேண்டும் என்று சில காலமாக உறுதியாக நம்புகிறேன். ஆகவே அறையையும் உணவையும்விட அவரைப் பற்றிய செய்திகளே இந்த மதிப்புரையில் மிகுதியாக இருக்கும். இல்லத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே முன்பதிவு சபை அலுவலகங்கள் வழியாகவே நடக்கிறது என்பதால், தங்க விரும்புகிறவர்கள் தங்கள் ஆயரிடம் கேட்டாலே விவரம் கிடைத்துவிடும்.

இந்த நம்பிக்கைக்குக் காரணம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில் நடந்த ஒன்று. அதுவும் சபை சார்ந்த இல்லம்தான். அந்நியரை உபசரிப்பதைப் பற்றிய வேதவசனம் வாசலிலேயே அழகாக எழுதி மாட்டப்பட்டிருந்தது. இரவு எங்களுக்கு அறைச் சாவியைக் கொடுத்தவர், ஓட்டுநர் எங்கே படுப்பார் என்று நான் கேட்டதற்கு, "டிரைவருங்க எல்லாம் வண்டியிலேயே படுத்துக்குவாங்கம்மா, அவங்களுக்குப் பழக்கம்தான்" என்றார். டிசம்பர் மாதம்; விடியற்காலையில் புல்வெளி முழுவதும் உறைபனி. ஆறு மணிக்கு நான் வெளியே வந்தபோது, அந்த ஓட்டுநர் முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் விறைத்துப்போய்த் துண்டைப் பிடிக்க முடியவில்லை. வசனப் பலகைக்கும் அந்த விரல்களுக்கும் இடையே இருபது அடி தூரம்கூட இல்லை. அன்று கேட்க வேண்டியதை நான் உரிய இடத்தில் கேட்காமல் வந்துவிட்டது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கொடைக்கானலுக்கு வருவோம். இ-பாஸ் சோதனையும் பெருமாள்மலைக்கு மேல் அடர்ந்த மூடுபனியும் சேர்ந்து எங்களைத் தாமதப்படுத்த, இல்லத்தின் வாயிலை அடையும்போது இரவு எட்டைத் தாண்டிவிட்டது. வாயிலை ஒட்டி ஒரு சிறிய அறை. அதிலிருந்து குடையோடும் டார்ச் விளக்கோடும் வெளியே வந்த பெரியவர், ஆயரின் கடிதத்தையோ ஆதார் அட்டையையோ கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா? எத்தனை பேரு?" என்றார். ஐந்து பேர் என்று என் கணவர் சொன்னதும், வேனுக்குள் டார்ச்சை அடித்துப் பார்த்து, "சாமியோட ஆறு" என்று அவரே திருத்தினார். எங்கள் ஓட்டுநர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டியும் துளசி மாலையும் அந்த வெளிச்சத்தில் தெரிந்திருக்கும். உணவுக்குப் பிறகு நிரப்பிய பதிவேட்டிலும், "விருந்தினர் பெயர்" என்ற பத்தியில் ஆறு வரிகள் எழுதப்பட்டன. ஆறாவது வரியில் அவருடைய பெயரும், அவருடைய ஊரான சோழவந்தானும்.

வாயிற்காப்போன் யார் என்பது சிறிய செய்தி அல்ல. ஆசீர்வாதப்பர் என்று நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் அழைக்கும் புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், மடத்தின் வாயிலில் விவேகமுள்ள முதியவர் ஒருவரை அமர்த்த வேண்டும், தட்டுகிறவருக்கு உடனே மறுமொழி கிடைப்பதற்காக அவருடைய அறை வாயிலை ஒட்டியே இருக்க வேண்டும் என்று சொல்கிறார். வருகிறவர்கள் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று சொல்லும் அதே ஒழுங்கு, ஏழைகளிடமும் வழிப்போக்கர்களிடமும் தனிக் கவனம் வேண்டும் என்கிறது. செல்வர்களுக்கு அவர்கள்மீதுள்ள அச்சமே மரியாதையைத் தேடித்தந்துவிடும் என்பது அவர் காட்டும் காரணம். எங்கள் வாயிற்பெரியவர் அதைப் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எந்தப் பணியில் யாரை அமர்த்த வேண்டும் என்று அறிந்த ஒரு குழு அந்த இல்லத்தை நடத்துகிறது என்பது முதல் ஐந்து நிமிடங்களிலேயே தெரிந்தது.

ஓட்டுநர்களுக்கென்று வாகன நிறுத்தத்தின் பக்கத்தில் நான்கு கட்டில்கள் போட்ட ஓர் அறை இருக்கிறது. தங்கும் விடுதிகள் ஓட்டுநர்களுக்குப் படுக்க இடமும் கழிப்பறையும் தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-இல் கட்டட விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது நல்ல செயல். இந்த அறை அதற்கு முன்பே இருந்ததாகச் சொன்னார்கள். விதியின்படி பார்த்தால் கட்டில் கொடுத்ததோடு கடமை முடிந்தது. ஆனால் மாலை போட்டவர் கட்டிலில் படுக்கமாட்டார், தரையில் பாய்தான். அந்த ஊரின் சிமெண்டுத் தரை கார்த்திகையில் எப்படிச் சில்லிடும் என்பது மலைவாசிகளுக்குத்தான் தெரியும். பெரியவர் யாரையும் கேட்காமல் ஒரு கட்டிலின் பலகைகளைக் கழற்றித் தரையில் பரப்பி, அதன்மேல் இரண்டு சாக்குகளை விரித்து, புதிய கோரைப்பாயைப் போட்டார். வெறுங்காலோடு நடக்கிறவர் என்பதால், அறை வாசலிலிருந்து குழாயடி வரைக்கும்கூடச் சாக்கு விரிக்கப்பட்டது.

மறுநாள் விடியற்காலையில் நான் நேரில் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஓட்டுநர் குளித்துவிட்டு, தாம் கொண்டுவந்திருந்த சிறிய ஐயப்பன் படத்தைச் சன்னல் விளிம்பில் வைத்து அகல் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த பெரியவர், "கொஞ்சம் இருங்க சாமி" என்று சொல்லிவிட்டு, சன்னல் திரையைச் சுருட்டி, தீ எட்டாதபடி மேலே முடிச்சுப் போட்டுக் கட்டினார். பிறகு வெந்நீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், பச்சைத் தண்ணீரில் குளித்தாயிற்று என்றதும் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். சபைக்குச் சொந்தமான கட்டடத்தில் இதை அனுமதிக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள் என்று அறிவேன். எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். வேதாகமத்தில், மம்ரேயின் மரத்தடியில் வந்து நின்ற மூன்று பேரிடம், நீங்கள் யாரை வணங்குகிறீர்கள் என்று ஆபிரகாம் விசாரிக்கவில்லை. கால் கழுவத் தண்ணீர் தந்தார், அப்பம் சுடச் சொன்னார், கன்றைச் சமைக்கக் கொடுத்தார். இதுவே அப்படிக் கேட்பவர்களுக்கு என் பதில்.

சமையலறையிலும் அதே கவனம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைத் தட்டிப்போட்ட ரசம்தான் அந்த இல்லத்தின் பெருமை, என் மாமியார் மூன்று வேளையும் கேட்டு வாங்கிக் குடித்தார். எங்கள் ஓட்டுநர் விரதத்தில் பூண்டு சேர்ப்பதில்லை என்று அறிந்த சமையல் அக்கா, அதற்கென ஒரு புதிய பாத்திரத்தை எடுத்து அவருக்குத் தனியாக மிளகு ரசம் வைத்தார். இரவில் சோற்றுக்குப் பதிலாக இட்லியும் மலைவாழைப்பழமும் கொடுத்தார். பாத்திரம்தான் தனியே தவிர, உட்கார்ந்தது எங்களோடு, அதே மேசையில். முதல் நாள் அவர் தயங்கி நின்றார். "உங்க எடம் இதுதான் சாமி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டவரும் அந்த அக்காதான்.

மேசையைப் பற்றிப் பேசும்போது இந்த மலையின் வரலாறும் நினைவுக்கு வருகிறது. சமவெளியின் நோய்களால் தம் குடும்பத்தாரை இழந்துகொண்டிருந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் இங்கே ஏறிவந்து சன்னிசைட், ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊர் அப்படித்தான் வளரத் தொடங்கியது. மோட்டார் சாலை வருவதற்கு முன் மேலே வந்தவர்களை டோலியிலும் நாற்காலியிலும் வைத்துச் சுமந்து வந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். அவர்கள் நின்ற இடத்தில்தான் இன்று வேன் ஓட்டுநர்கள் நிற்கிறார்கள். அதே மிஷன், 1840-களின் இறுதியில், தன் ஊழியர்கள் சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்பதைப் பணியில் நீடிப்பதற்கான சோதனையாகவே வைத்தது. மறுத்தவர்கள் பலர் வெளியேறினார்கள். தென்மாவட்டச் சபைகளில் இன்றும் நடக்கும் அசனம் என்ற பொது விருந்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவது எவ்வளவு போராடிப் பெற்ற பழக்கம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஓட்டுநருக்குத் தட்டை வேனுக்குக் கொடுத்தனுப்புவது, சாதி பார்த்துத் தனியே உண்ட அந்தப் பழைய வழக்கத்தின் மிச்சம் என்றே நான் கருதுகிறேன்.

அறைகள் எளியவை, சுத்தமானவை. ஆளுக்கு இரண்டு கம்பளி. கீசர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் இயங்கும். தொலைக்காட்சி இல்லை, நாங்கள் தேடவும் இல்லை.

ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் காலத்தின் முதல் ஞாயிறாக அமைந்தது. பக்கத்து ஆலயத்தில் ஆராதனைக்குப் போனோம். ஆராதனை முறையாக நடந்தது, பாடல்கள் கனிவாக இருந்தன. ஆனால் அறிவிப்பு வேளையில், புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து நின்று பெயரையும் ஊரையும் சொல்லும்படி கேட்டார்கள். என் மாமியார் மகிழ்ச்சியோடு எழுந்தார். நாத்தனார் மகள் பெஞ்சுக்குள் ஒடுங்கிப் போனாள். அன்புள்ள நோக்கம்தான், அதை மறுக்கவில்லை. ஆயினும், வந்தவரை நூறு கண்களுக்கு முன் நிறுத்துவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்தவர் பாமாலைப் பக்கத்தை எடுத்துக் காட்டுவதே நல்ல வரவேற்பு. ஆராதனை முடிந்து தேநீரும் பன்னும் தந்தபோது, ஊரிலுள்ள உறவுகளை விசாரித்து எங்களுக்குச் சொந்தம் கண்டுபிடித்தவர்கள் அன்போடு சூழ்ந்துகொண்டார்கள். மதில் ஓரத்தில், சாரலில் நின்றிருந்த ஐந்தாறு ஓட்டுநர்களிடம் யாரும் ஒரு கோப்பையை எடுத்துப் போகவில்லை. என் கையில் இரண்டாவது கோப்பை வந்த பிறகே எனக்கும் அது தோன்றியது. விருந்து என்ற சொல்லுக்குத் தொல்காப்பியர் காலத்திலிருந்தே புதுமை என்று பொருள்; உபசரிப்பைக் குறிக்கப் புதிய ஏற்பாடு வழங்கும் கிரேக்கச் சொல்லுக்கும் அந்நியர்மேல் அன்பு என்றே பொருள். உறவினரைக் கவனிப்பதில் நம் சபைகளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவரிடம்தான் நாம் பின்தங்குகிறோம்.

இல்லத்திலும் குறைகள் உண்டு. ஆயரின் கடிதம் இல்லாதவர்களுக்கு அறை தருவதில்லை என்ற விதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பயணிகள் பரிந்துரைக் கடிதம் கொண்டுவருவது பவுல் அப்போஸ்தலர் காலத்து வழக்கம்தான். முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த டிடாக்கே என்ற போதனை நூலும், வழிப்போக்கர் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தங்க வேண்டாம் என்று வரம்பு வைத்தது. ஏமாற்றுகிறவர்களிடமிருந்து காத்துக்கொள்ளும் தேவையைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் கடிதம் வாங்கித்தர ஒரு சபை இல்லாதவர்களும் இந்த மலைக்கு வருகிறார்களே. அவர்களுக்கென ஓர் அறையையாவது ஒதுக்கலாம். முதியவர்களுக்கு உணவுக்கூடத்துப் படிகள் கடினம்: பதினான்கு படிகள், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், மழையில் வழுக்குகின்றன. என் மாமியாரை ஒவ்வொரு வேளையும் இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டியிருந்தது.

அறை வாடகை நாளொன்றுக்கு 1,200 ரூபாய். உணவுக்குத் தனிக் கணக்கு. ஓட்டுநரின் படுக்கைக்குக் கட்டணம் இல்லை, அவருடைய உணவு எங்கள் கணக்கில் சேர்ந்தது, அதுவே முறை.

திங்கட்கிழமை புறப்படும்போது, தம் அறையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். நெடுநேரம் தயங்கி, "ஒண்ணும் கொறை இல்லம்மா, அந்தக் கழிப்பறைக் கதவுக்குத்தான் தாழ்ப்பாள் இல்ல, கயிறு கட்டியிருக்கு" என்றார். திரும்பிப் போய் மேலாளரிடம் சொன்னேன். அவர் பதிவேட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு அதை எழுதிக்கொண்டார். அதற்குள் சமையல் அக்கா வேன் சன்னல் வழியாக ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தைச் சாமியிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.