பைபாஸ் மால்: திறந்த வருடத்திலிருந்து போய்வருகிறவளின் அனுபவம்

எங்கள் ஊர் மால் எப்படி என்று யாராவது கேட்டால், "அங்க என்ன இருக்குதுங்க, போகாதீங்க" என்று ஊரில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. சத்தியமங்கலம் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. இரண்டு மாடி, கண்ணாடி முகப்பு, ஊருக்கே முதல் எஸ்கலேட்டர் என்று வந்த கட்டடம் இது.

திறந்தது 2012இல். அந்த வருடத்து மின்வெட்டைக் கொங்கு நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. தறி நிற்கும், மிக்ஸி ஓடாது, கைக்குழந்தைகள் புழுக்கத்தில் வீறிடும். அப்போது மாலில் மட்டும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். பொருள் வாங்க வந்தவர்களைவிட ஏசியில் உட்கார வந்தவர்கள்தான் அதிகம். கீழ்த்தளத்தில் சூப்பர் மார்க்கெட், மேலே ரெடிமேட் கடைகள், மொபைல் கடை, பிள்ளைகள் விளையாடும் இடம், சாப்பாட்டுக் கூடம். முதல் மூன்று நான்கு வருடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

எனக்கு முக்கியமாகப் பட்டது கடைகள் அல்ல. ஒரு பெண் காசு செலவழிக்காமல், யாரும் என்ன ஏது என்று கேட்காமல், ஒரு மணி நேரம் உட்கார எங்கள் ஊரில் என்ன இடம் இருந்தது? கோயிலை விட்டால் பஸ் ஸ்டாண்ட். டீக்கடை பெஞ்சில் உட்கார முடியுமா? மாலின் மேல்மாடி பெஞ்சுகளில் கல்லூரிப் பெண்கள் பரீட்சைக்குப் படித்ததைப் பார்த்திருக்கிறேன். பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் சம்பளம் வாங்கிய வாரம் கூட்டமாக வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கும், உள்ளே தாழ்ப்பாள் இருக்கும். சின்ன ஊர்களில் வெளியே போய்வரும் பெண்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆன்லைன் வந்துதான் மால் படுத்துவிட்டது என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. துணிக்கடைகள் அதற்கு முன்பே திணற ஆரம்பித்துவிட்டன. நாம் இருப்பது துணி நெய்து தைத்து விற்கிற சீமை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய டி-சர்ட் என்ன விலைக்குக் கிடைக்கும், ஈரோடு கனி மார்க்கெட்டில் சேலை என்ன விலை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அதே மாதிரி டி-சர்ட்டுக்கு அட்டையில் அச்சடித்த முழு விலை கொடுக்கச் சொன்னால் யார் கொடுப்பார்கள்? முகூர்த்தப் பட்டு எடுக்கிறவர்கள் எப்படியும் ஈரோடோ கோவையோ போய்விடுவார்கள். 2017இல் கோவையிலிருந்து சத்தியமங்கலம் வருகிற சத்தி ரோட்டிலேயே புரோசோன் மால் வந்ததும், படத்துக்கும் சாப்பாட்டுக்கும் வண்டி வைத்திருக்கிறவர்கள் அங்கே போக ஆரம்பித்தார்கள்.

அடிப்படைக் கோளாறு வேறு. இந்த மாலில் கடைகளை வாடகைக்கு விடாமல் ஒவ்வொன்றாகக் கிரயம் செய்து விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் தறிக்காரர்கள், மஞ்சள் வியாபாரிகள், பென்ஷன் பணத்தைப் போட்டவர்கள். வாடகை வரும் என்று நம்பித்தான் வாங்கினார்கள். ஒருவரே எல்லாக் கடைகளையும் கையில் வைத்திருந்தால், எந்தத் தளத்தில் என்ன கடை வர வேண்டும் என்று திட்டம் போடலாம். கூட்டம் இழுக்கிற பெரிய கடைக்கு வாடகையைக் குறைத்தாவது தக்கவைத்துக்கொள்ளலாம். நூறு முதலாளிகள் இருந்தால் அதற்கு வழியே இல்லை. சூப்பர் மார்க்கெட் காலி செய்தபோது அதைப் போகவிடாமல் தக்கவைக்க யாருக்கும் பொறுப்பு இருக்கவில்லை.

அப்புறம் பராமரிப்புக் கட்டணம். கடை பூட்டிக் கிடந்தாலும் உரிமையாளர் சதுர அடிக் கணக்கில் கட்ட வேண்டும். வாடகை வராதபோது பலர் கட்டுவதை நிறுத்தினார்கள். இத்தனை பெரிய கட்டடத்துக்கு உயர் அழுத்த மின் இணைப்பு. ஏசியை அணைத்தாலும் ஒப்பந்தம் செய்த மின்தேவையில் (இவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று மின்வாரியத்திடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த அளவு) 90 சதவீதத்துக்காவது கட்டணம் வந்துகொண்டே இருக்கும். 2022 செப்டம்பரில் மின்கட்டணமும் ஏறியது. முதலில் ஏசியை மாலையில் மட்டும் போட்டார்கள், பிறகு அதுவும் இல்லை. புழுக்கத்தில் ஆள் வரவில்லை, ஆள் வராததால் இன்னும் சில கடைகள் போயின. நடுவில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் முடிய மால்கள் மூடியே கிடந்தது பெரிய அடி. சாப்பாட்டுக் கூடம் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

இடமும் சரியில்லை. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் ஊருக்குள் வருவது கூடியது. ஆனால் அவர்கள் இறங்குவது பஸ் ஸ்டாண்டில், மால் இருப்பது பைபாஸில். வெயிலில் யார் நடப்பார்கள்? பஸ் ஸ்டாண்ட் எதிரே இருக்கும் கடைகளுக்குத்தான் அந்தக் கூட்டம் போனது. வாசலில் ஒரு ஸ்டாப்பிங் கேட்டு வாங்கியிருக்கலாம்.

இப்போதைய நிலவரம்: எஸ்கலேட்டர் ஓடுவதில்லை, படியாக ஏற வேண்டும். ஒரு படியின் பல் உடைந்து, மேலே பிளைவுட் பலகை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். குழந்தையோடு போனால் ஓரத்துப் படிக்கட்டில் ஏறுங்கள். லிஃப்ட்டை நம்ப வேண்டாம். மேல்மாடியில் பெரும்பாலும் ஷட்டர்தான், சிலவற்றில் வங்கி ஒட்டிய ஜப்தி நோட்டீஸ். கீழே ஏடிஎம், மூக்குக் கண்ணாடிக் கடை, கம்ப்யூட்டர் சென்டர், ஒரு தையல் கடை இருக்கின்றன.

தையல்கார அண்ணன் கடை அவருக்கே சொந்தம். "வித்துட்டுப் போலாமுங்களேண்ணா" என்று கேட்டேன். "ஆருங்கம்மணி வாங்குவா? வாங்குனதுல பாதிக்குக் கேக்கறாங்க. வாடகை கட்ட வேண்டியதில்லீங், அதனால ஓடுது" என்றார். அவரும் கண்ணாடிக் கடைக்காரரும் கைக்காசு போட்டு ஓர் அம்மாவை வைத்துக் கீழ்த்தளக் கழிப்பறையை இன்னமும் கழுவ வைக்கிறார்கள். அதற்காகவே அவர்களிடம் வேலை கொடுக்கலாம்.

உரிமையாளர்கள் ஒன்றுகூடி மேல்மாடியை மொத்தமாக ஒரே ஆளுக்கு, டியூஷன் சென்டருக்கோ மருத்துவமனைக்கோ, நீண்ட காலக் குத்தகைக்கு விட்டால் கட்டடம் பிழைக்கும் என்று நினைக்கிறேன். முன்பக்கத்து பெஞ்சுகளை மட்டும் எடுத்துவிடக் கூடாது.

இப்போது போகிறவர்களுக்கு: பிளவுஸ், பேன்ட் ஆல்டரேஷனுக்குத் தாராளமாகப் போகலாம், சொன்ன நாளில் கிடைக்கும். ஞாயிறு மதியத்தோடு பூட்டிவிடுவார்கள். பார்க்கிங்குக்குக் காசு கேட்க இப்போது ஆள் இல்லை. இருட்டிய பிறகு பின்பக்கம் விளக்கு எரியாது, வண்டியை வாசல் பக்கமே நிறுத்துங்கள்.