தானாக ஏறும் முதன்மைச் சாவி: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய இரு தரவுத்தள மென்பொருள்களையும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டுவது முதன்மைச் சாவி. அதன் எண் தானாக ஏறும்படி அமைப்பது இரண்டிலுமே ஒரு வரி வேலைதான். ஆனால் அந்த ஒரு வரியை எப்படி எழுதினோம் என்பது தரவுத்தளம் உள்ள வரைக்கும் கூடவே வருகிறது. இன்று புதிய அட்டவணை எதுவானாலும் நான் தேர்ந்தெடுப்பது போஸ்ட்கிரெஸ் தானே எண் இடும் ஐடென்டிட்டி நெடுவரிசையைத்தான்.

போஸ்ட்கிரெஸில் முன்பு இதற்குச் சீரியல் என்ற அறிவிப்புதான் வழக்கம். அது தனித் தரவு வகை அல்ல. பின்னணியில் ஒரு சீக்வென்ஸை, அதாவது அடுத்தடுத்த எண்களைத் தரும் கணக்கியை, உருவாக்கி, அதன் அடுத்த எண்ணை நெடுவரிசையின் இயல்பு மதிப்பாக வைக்கும் ஏற்பாடு. நாம் கையால் ஓர் எண்ணைக் கொடுத்து வரிசையைச் சேர்த்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். சீக்வென்ஸுக்கோ அது தெரியவே தெரியாது. பழைய தரவை எண்களோடு இறக்குமதி செய்த அன்று எல்லாம் சரியாகவே இருக்கும். பின்னொரு நாள், தொடர்பே இல்லாத ஒரு பதிவைச் சேர்க்கும்போது 'சாவி ஏற்கெனவே உள்ளது' என்று பிழை வரும். செட்வேல் என்ற செயற்கூறு கொண்டு சீக்வென்ஸை உச்ச எண்ணுக்கு நகர்த்தினால் தீர்ந்துவிடும். காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. மைஎஸ்கியூஎல் இந்த இடத்தில் மேல்: பெரிய எண்ணைக் கையால் கொடுத்தால் கணக்கியையும் தானே உயர்த்திக்கொள்ளும்.

2017இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் பத்தாம் பதிப்பில் ஐடென்டிட்டி வந்தது. 'ஜெனரேட்டட் ஆல்வேஸ்' என்று அறிவித்துவிட்டால், வரிசையைச் சேர்க்கும் சாதாரண இன்சர்ட் கட்டளையில் எண்ணைத் திணிக்க முயலும்போதே தடுத்துவிடுகிறது. இன்சர்ட் மூலம் இறக்குமதி செய்வதற்கு விலக்கு உண்டு, அதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அதன்பின் சீக்வென்ஸை நகர்த்தும் வேலையும் நம்முடையதுதான். ஆனால் தெரிந்தே செய்கிறோம், அதுவே எனக்குப் போதும்.

எண்களுக்கு நடுவே விழும் இடைவெளிகளைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். பரிவர்த்தனை ரோல்பேக் ஆகி, செய்த மாற்றங்கள் ரத்தானாலும் எடுத்த எண் திரும்பாது. திரும்ப வேண்டுமென்றால், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் அனைவரும் காத்திருக்க நேரும். ஆகவே இடைவெளியின்றி ஓட வேண்டிய ரசீது எண்ணுக்கு முதன்மைச் சாவியைப் பயன்படுத்தவே கூடாது.

மைஎஸ்கியூஎல் 5.7 வரை அதன் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் கணக்கி நினைவகத்தில் மட்டுமே இருந்தது. கடைசி வரிசைகளை நீக்கிவிட்டு சர்வரை மறுதொடக்கம் செய்தால், அதே எண்கள் வேறு பதிவுகளுக்குப் போய்விடும். காப்பகத்தில் பழைய எண்ணைக் குறித்துவைத்திருந்தால், அது வேறொருவரின் பதிவைக் காட்டும். 8.0 பதிப்பு இதைச் சரிசெய்துவிட்டது.

கடைசியாக, பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகை. சாதாரண இன்ட்டின் உச்சம் 2,147,483,647. 'இவ்வளவு வரிசைகள் நமக்கு ஏது' என்று தோன்றும். ஆனால் போஸ்ட்கிரெஸில் 'ஆன் கான்ஃபிளிக்ட்' (சாவி மோதினால் என்ன செய்வது என்று சொல்லும் பகுதி) கொண்டு ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால், புதிய வரிசை சேராவிட்டாலும் ஒவ்வொரு முறையும் ஓர் எண் செலவாகிறது. எண் தீர்ந்த பிறகு வகையை மாற்றினால், அட்டவணை முழுவதும் பூட்டிய நிலையில் மீண்டும் எழுதப்படும். மற்ற அட்டவணைகளிலிருந்து அதைச் சுட்டும் அயல் சாவி நெடுவரிசைகளையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். தொடக்கத்திலேயே பிக்இன்ட் வைத்தால் வரிசைக்குக் கூடுதலாக நான்கு பைட்டுதான் செலவு.