முன்னால் உட்கார்ந்தவர் மறைத்த படங்கள்

கவனிக்கப்படாத நல்ல படங்கள் என்று யாராவது பட்டியல் கொடுத்தால் ஆசையாக வாங்கி வைத்துக்கொள்வேன். பார்ப்பது அபூர்வம். இருபது பெயர்கள் இருக்கும், எதில் தொடங்குவது என்று தெரியாது. ‘காலம் மறந்த காவியம்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும், காலம் ஏன் மறந்தது என்று இருக்காது. அதனால் வேறு வழியில் தேட ஆரம்பித்தேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வது. அதே கதையையோ அதே எண்ணத்தையோ வைத்துக்கொண்டு வந்து, கூட்டத்தில் காணாமல் போன இன்னொரு படம் இருக்கிறதா என்று பார்ப்பது. தியேட்டரில் உயரமான ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் பின்னால் இருப்பவர் இருக்கிறாரா என்றே தெரியாது அல்லவா, அப்படி மறைந்து போனவை நிறைய இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்தால் எது சரக்கு இல்லாமல் தோற்றது, எது நேரம் சரியில்லாமல் தோற்றது என்பது தெரிந்துவிடும்.

முதல் ஜோடி, ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’, ‘ஃபெயில் சேஃப்’. இரண்டும் 1964. இரண்டையும் வெளியிட்டது கொலம்பியா நிறுவனம். இரண்டிலும் அமெரிக்க அணுகுண்டு விமானங்கள் சோவியத் நாட்டை நோக்கிக் கிளம்பிவிடுகின்றன, திருப்பி அழைக்க முடியவில்லை. இவ்வளவு ஒற்றுமை எப்படி வந்தது என்ற சண்டை வழக்கு வரை போனது. ஸ்டான்லி குப்ரிக் எடுத்தது, பீட்டர் ஜார்ஜ் 1958இல் எழுதிய நாவலிலிருந்து. சிட்னி லூமெட் எடுத்தது, பர்டிக், வீலர் என்ற இருவர் சேர்ந்து 1962இல் எழுதிய நாவலிலிருந்து. வழக்கு சமரசத்தில் முடிந்தது, லூமெட்டின் படமும் கொலம்பியாவின் கைக்கு வந்து சேர்ந்தது. தன் படம்தான் முதலில் வர வேண்டும் என்று குப்ரிக் பிடிவாதமாக நின்றார். ஜனவரியில் அவர் படம், அக்டோபரில் லூமெட்டின் படம். முந்தினவன் கை மந்திர வாள் என்பார்கள். ஜனவரியில் இந்தக் கதைக்கு வயிறு வலிக்கச் சிரித்தவர்களிடம், அக்டோபரில் ஒருவர் வந்து அதையே இறுகிய முகத்தோடு சொன்னால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

ஆனால் அந்த இறுக்கம்தான் லூமெட்டின் சொத்து. ‘ஃபெயில் சேஃப்’ படத்தில் பின்னணி இசையே கிடையாது. பெரும்பகுதி மூடிய அறைகளுக்குள் நடக்கிறது. அதில் ஓர் அறையில் மேசை, தொலைபேசி, அமெரிக்க அதிபராக ஹென்றி ஃபோண்டா, பக்கத்தில் ரஷ்ய மொழிபெயர்ப்பாளராக இளவயது லாரி ஹாக்மன், அவ்வளவுதான். எதிர்முனையில் இருக்கும் சோவியத் தலைவரின் முகத்தை ஒருமுறைகூட நாம் பார்ப்பதில்லை. அவர் சொல்வதை மட்டும் சொன்னால் போதாது, அவர் குரலில் உனக்கு என்ன தெரிகிறதோ அதையும் சொல்ல வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளரிடம் அதிபர் கேட்டுக்கொள்கிறார். அந்த நிமிடத்திலிருந்து இரண்டு நாடுகளின் தலைவிதியும் ஓர் இளைஞனின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஹாக்மனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், கதை புரியும்.

குப்ரிக் படத்திலும் இதே தொலைபேசிக் காட்சி உண்டு. அதில் அதிபராக வரும் பீட்டர் செல்லர்ஸ், குடித்திருக்கும் எதிர்முனைத் தலைவரை அழுகிற குழந்தையைத் தேற்றுவதுபோலத் தேற்றுவார். அதைப் பார்த்த கையோடு இதைப் பார்த்தால் முதல் பத்து நிமிடம் எங்கே சிரிக்க வேண்டும் என்று மனம் தேடும். அப்புறம் தேடாது.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, தவறு எங்கே தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. குப்ரிக் படத்தில் ஒரு தளபதிக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. லூமெட் படத்தில் ஒரு கருவியில் கோளாறு. யாரும் கெட்டவர் இல்லை. விமானிகள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள், அதுதான் ஆபத்தே. பைத்தியக்காரனைப் பிடித்துக் கட்டிவிடலாம், சொன்னபடி கேட்கிறவனை என்ன செய்வது? எனக்கு இந்த இரண்டாவது பயம்தான் அதிக நாள் நின்றது.

இன்னொரு வேடிக்கை. இப்படியெல்லாம் நடக்காமல் இருக்கத் தகுந்த பாதுகாப்பு உண்டு என்ற அதிகாரபூர்வ உறுதிமொழி இரண்டு படத்திலும் எழுத்தில் வருகிறது. குப்ரிக் படத்தில் அது தொடக்கத்திலேயே வருவதால், முதல் நகைச்சுவை அதுதானோ என்று தோன்றும். லூமெட் படத்தில் முடிவில் வருகிறது. அந்த முடிவு என்ன என்று சொல்ல மாட்டேன். அதைப் பார்த்துவிட்டு அந்த எழுத்தைப் படிக்கும்போது ஆறுதலாக இருக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

குறை இல்லாத படம் இல்லை. தொடக்கத்தில் வரும் காளைச் சண்டைக் கனவு எனக்கு ஒட்டவே இல்லை. வால்டர் மாத்தா பேராசிரியராக வந்து விருந்தில் நடத்தும் விவாதம் மேடை நாடகம் போல நீள்கிறது. மேதைமை என்று கேட்டால் குப்ரிக் படம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். இன்று இரவுக்கு ‘ஃபெயில் சேஃப்’.

சரி, முந்தி வந்தால் ஜெயித்துவிடலாமா என்றால் அதுவும் இல்லை. அலெக்ஸ் ப்ரோயாஸின் ‘டார்க் சிட்டி’ 1998 பிப்ரவரியில் வந்தது, ‘தி மேட்ரிக்ஸ்’ 1999 மார்ச்சில். நாம் வாழும் உலகம் யாரோ கட்டிவைத்த பொய் என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்று. கட்டடமும் ஒன்றுதான், அதுவும் நிஜமாகவே. சிட்னியில் ‘டார்க் சிட்டி’க்காகப் போட்ட செட்டுகளில் சிலவற்றை ‘மேட்ரிக்ஸ்’ குழு வாங்கிப் பயன்படுத்திக்கொண்டது, அதன் தொடக்கத்தில் நாயகி டிரினிட்டி தாவி ஓடும் மொட்டை மாடிகள் உட்பட. வீட்டைக் கட்டியவன் ஒருவன், குடியேறிப் பேர் வாங்கியவன் இன்னொருவன்.

‘டார்க் சிட்டி’ தோற்றதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். அது வந்தபோது ‘டைட்டானிக்’ இன்னும் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது, ஏப்ரல் வரை இறங்கவே இல்லை. இது விதி. இன்னொன்று, பார்ப்பவர்களுக்குப் புரியாது என்று பயந்து ஸ்டூடியோ தொடக்கத்தில் ஒரு விளக்கக் குரலை வைக்கச் சொன்னது. படம் முழுக்க நாயகன் தேடி அலையும் ரகசியத்தை அந்தக் குரல் முதல் நிமிடத்திலேயே உடைத்துவிடும். இதை விதி என்று சொல்ல முடியாது. 2008இல் வெளிவந்த இயக்குநர் பதிப்பில் அந்தக் குரல் நீக்கப்பட்டது. பழைய பதிப்புதான் கிடைக்கிறதென்றால், நாயகன் குளியல் தொட்டியில் கண் விழிக்கும் வரை சத்தத்தை அணைத்து வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் இரண்டு பேருக்கு அப்படித்தான் போட்டுக் காட்டினேன்.

ஒப்பிட்டால், ‘மேட்ரிக்ஸ்’ உடம்பைப் பற்றிய படம். தாவுவது, வளைவது, அடிப்பது. ‘டார்க் சிட்டி’ நினைவைப் பற்றியது. அந்த நகரத்தில் எப்போதும் இரவு. நள்ளிரவானால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள், கட்டடங்கள் வளர்ந்து சுருங்கும், ஒருவரின் நினைவுகளை எடுத்து இன்னொருவருக்குள் ஏற்றிவிடுவார்கள். கொலைகாரனின் நினைவைக் கொடுத்துவிட்டால் அவன் கொலைகாரன் ஆகிவிடுவானா என்ற கேள்வியைச் சண்டை எதுவும் இல்லாமல் படம் ரொம்ப தூரம் கொண்டுபோகிறது. சண்டை வரும் கடைசிக் கட்டத்தில்தான் சறுக்குகிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வதை எவ்வளவு நேரம் பார்ப்பது? அந்த இடத்தில் ‘மேட்ரிக்ஸ்’ பல மடங்கு மேல். ஆனாலும் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1998இன் ஆகச் சிறந்த படம் இதுதான் என்று எழுதினார், பின்னால் டிவிடிக்கு உட்கார்ந்து விளக்க உரையும் பேசிக் கொடுத்தார். அது வெறும் பரிவு இல்லை.

இந்த வழியில் தேடினால் எல்லா நேரமும் புதையல் கிடைக்காது. ட்ரூமன் கபோட்டி என்ற எழுத்தாளர் ஒரு கொலை வழக்கைப் பற்றி எழுதப் போன கதை 2005இல் ‘கபோட்டி’ என்றும், 2006இல் ‘இன்ஃபேமஸ்’ என்றும் வந்தது. முதல் படம் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்துவிட்டது, இரண்டாவதை யாரும் சீண்டவில்லை. அதில் டோபி ஜோன்ஸ் உருவத்தில் அசல் கபோட்டியாகவே இருக்கிறார், வம்பு பேசும் காட்சிகளில் கலகலப்பு அதிகம், கொலையாளியாக டேனியல் கிரெய்க் வருவது ஒரு சுவாரசியம். ஆனாலும் சிறைக்குள் நடக்கும் பகுதிகளில் முதல் படத்தின் மௌனத்துக்குப் பக்கத்தில் இது நிற்காது. நேரம் இருந்தால் பாருங்கள். மிலோஸ் ஃபோர்மன் 1989இல் எடுத்த ‘வால்மோன்’ இன்னும் பரிதாபம். அதே பிரெஞ்சு நாவலிலிருந்து ‘டேஞ்சரஸ் லையசன்ஸ்’ ஓராண்டு முன்னால் வந்து பேர் வாங்கிவிட்டது. ஃபோர்மன் படத்தில் உடைகள் அழகு, இளம் முகங்கள் அழகு, எல்லாம் அழகு. கதையில் இருந்த விஷம்தான் எங்கோ சிந்திப்போயிருக்கிறது. இதை யாரும் மறைக்கவில்லை, தானாகவே பின்வரிசைக்குப் போய்விட்டது என்றுதான் சொல்வேன்.

கடைசி ஜோடி எனக்கு மிகவும் பிடித்தது. ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’, 1953, இயக்கம் ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோ. ‘சார்சரர்’, 1977, இயக்கம் வில்லியம் ஃப்ரீட்கின். எங்கோ தொலைவில் எண்ணெய்க் கிணறு பற்றி எரிகிறது. அதை அணைக்க வெடிபொருள் வேண்டும். லேசாகக் குலுங்கினாலும் வெடித்துவிடும் சரக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு, போக்கிடம் இல்லாத நான்கு பேர் காட்டுப் பாதையில் புறப்படுகிறார்கள்.

க்ளூஸோவின் படம் அந்த ஆண்டு கான் விழாவிலும் பெர்லின் விழாவிலும் உச்ச விருது வாங்கியது. மறைந்துபோனது ஃப்ரீட்கினின் படம். அது வந்தது 1977 ஜூன் மாதம், ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரில் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை எடுத்துவிட்டு ‘சார்சரர்’ போட்டார்கள். கூட்டம் வரவில்லை, மறுபடி ‘ஸ்டார் வார்ஸ்’ திரும்பி வந்தது. முன்னால் வந்து உட்கார்ந்தவர் இந்த முறை நிஜமாகவே அதே இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெயரும் கெடுத்தது. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ எடுத்த இயக்குநரின் அடுத்த படம், பெயரோ மந்திரவாதி என்று பொருள்படுவது. பேய் வரும் என்று நம்பிப் போனவர்களுக்குச் சேறும் லாரியும் கிடைத்தன. உண்மையில் அது ஒரு லாரிக்கு வைத்த பெயர். போதாததற்கு, ஸ்டீவ் மக்வீனை நடிக்கக் கேட்டபோது அவர் வைத்த நிபந்தனைகளை ஃப்ரீட்கின் மறுத்துவிட, அவர் விலகிக்கொண்டார். ராய் ஷைடர் வந்தார். மக்வீனை விட்டது தன் அகந்தை என்று ஃப்ரீட்கின் பின்னாளில் வருந்தினார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. நட்சத்திர முகம் என்றால் கடைசிவரை பிழைத்திருக்கும் என்று நமக்குத் தெரிந்துவிடும். ஷைடர் முகத்தில் அந்த உத்தரவாதம் இல்லை.

இரண்டும் பயத்தைக் கையாளும் விதமே வேறு. க்ளூஸோ முதல் ஒரு மணி நேரத்தை அந்த ஊரிலேயே செலவழிக்கிறார். வெயில், சோம்பல், வெட்டிப் பேச்சு. நான்கு பேரும் நமக்குப் பழகிவிடுகிறார்கள், லாரி கிளம்பியதும் அவர்களுக்குள் யார் கோழை, யார் துணிந்தவன் என்பது மாறிக்கொண்டே போகிறது. ஃப்ரீட்கினோ நான்கு பேருக்கும் நான்கு முன்கதைகளை வேரா க்ரூஸ், ஜெருசலேம், பாரிஸ், நியூ ஜெர்சி என்று தனித்தனியே காட்டிவிட்டு, பிறகு அவர்களைப் பேசவே விடுவதில்லை. மனிதர்களை அறிவதில் க்ளூஸோ ஒரு படி மேல், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பாலம் ஃப்ரீட்கினிடம்தான் இருக்கிறது. கொட்டும் மழை, பெருக்கெடுக்கும் ஆறு, அதன் மேல் கயிறும் பலகையுமாக ஆடும் தொங்குபாலம், அதில் சாய்ந்து சாய்ந்து ஊர்ந்து வரும் லாரி. டொமினிகன் குடியரசில் பாலத்தைக் கட்டினார்கள், ஆறு வற்றிவிட்டது. பிரித்தெடுத்துப் போய் மெக்சிகோவில் மறுபடி கட்டினார்கள், அங்கேயும் தண்ணீர் குறைந்தது. மழையையும் வெள்ளத்தையும் செயற்கையாக உண்டாக்கித்தான் படம்பிடிக்க முடிந்தது. பாலமும் லாரியும் அசல் என்பதால், இன்று பார்க்கும்போதும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறோம்.

இரண்டையும் பார்க்காதவர்கள் ஃப்ரீட்கினிலிருந்து தொடங்குங்கள். என்ன நடக்கும் என்று தெரியாமல் அந்தப் பாலத்தின் மேல் ஏற வேண்டும். ஒரு வாரம் விட்டு க்ளூஸோவைப் பாருங்கள், கதை தெரிந்தாலும் அது தாங்கும். ‘சார்சரர்’ படத்துக்கு 2013இல் வெனிஸ் விழாவில் திரையிட்ட மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள், பழைய பிரதிகளில் இருட்டில் ஒன்றும் தெரியாது. ஹெட்ஃபோன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பாலத்தில் வசனம் கிட்டத்தட்ட இல்லை, கயிறு முறுகும் சத்தம்தான்.