சாக்கிட், சிக்கிட்: பினாங்கில் அம்மாவின் முட்டி

அம்மாவின் வலது முட்டி மாற்று ஆபரேஷனுக்காக மெல்பர்னிலிருந்து மூன்று வாரம் லீவு போட்டுக்கொண்டு பினாங்கு போனேன். தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் வந்த வலிதான் எங்களைப் படுத்தியது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். கூடவே தொடையில் ஒரு நரம்பு ஊசி. அதை இடுப்பு மடிப்புப் பக்கம் போட்டால் வலியோடு தொடைச் சதையின் பலமும் போய்விடும், எழுந்தால் விழ வேண்டியதுதான். தொடை நடுவில் உள்பக்கமாகப் போட்டால் பலம் பெரும்பாலும் தங்கும். அம்மாவுக்குப் போட்டது இரண்டாவது வகை. அன்று சாயங்காலமே வாக்கரைப் பிடித்து நாலு அடி வைத்தார். பார்க்க வந்த அத்தை அசந்துபோனார்.

அந்த ஊசி மிஞ்சினால் ஒரு நாள்தான் தாங்கும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மரப்பு விட்டது. மலாய்க்கார மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வந்து, "ஆன்ட்டி, சாக்கிட்?" என்றார். வலிக்கிறதா என்று கேட்டால் அம்மாவின் பதில், "சிக்கிட்." கொஞ்சம்தானாம்! மிஸ்ஸி பத்துக்கு மூன்று என்று குறித்துக்கொண்டார். அம்மாவின் கை கட்டில் கம்பியை நெரித்துக்கொண்டிருந்தது, புறங்கை நரம்பெல்லாம் புடைத்து. எட்டு என்று எழுதுங்கள் என்று நான்தான் சண்டை போட்டேன். மார்ஃபின் வந்தது. வலி அடங்கியது, காலை முழுக்க வாந்தி. மரப்பு விடுவதற்கு முன்பே மாத்திரையை ஆரம்பித்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று மறுநாள் வந்த மயக்க மருந்து டாக்டரே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் போனில் அலாரம் வைத்தேன். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாராசிட்டமோல் இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கிடையாது. சர்க்கரையால் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருப்பதால் வீக்கத்துக்கான மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார்கள். டிரமடோல் என்ற கடுமையான வலி மாத்திரை ராத்திரிக்கு மட்டும். அது கட்டிய மலச்சிக்கலுக்குப் பப்பாளியெல்லாம் எந்த மூலைக்கு!

உண்மையில் கைகொடுத்தது ஐஸ். குட் மார்னிங் துண்டில் சுற்றி இருபது நிமிஷம், பயிற்சி முடிந்ததும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய, வலிக்கு வைக்கும் மின்துடிப்பு மெஷினைக் கட்டினால், "எறும்பு ஊருது பாப்பா, எடு" என்றார். அது அலமாரிக்குப் போனது.

வீட்டுக்கே வந்த பிசியோ தமிழ்ப் பெண். மெல்பர்னில் என் மாமியாருக்கு இப்படி ஒருவர் வீடு தேடி வந்ததில்லை. முட்டிக்கடியில் அத்தை அன்போடு செருகிய தலையணையை முதல் நாளே உருவி குதிகாலுக்கு மாற்றினார். இல்லாவிட்டால் கால் நீளாதாம். எண்ணெய் போட்டு உருவ மாமா அழைத்து வந்த பெண்மணியையும் அவர்தான் திருப்பி அனுப்பினார். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருந்தால் உருவுவது ஆபத்து, வீங்கி வலித்தால் நேரே ஆஸ்பத்திரி. அவர் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் மாத்திரை கொடுத்த நாட்களில் மட்டும் அம்மா வையாமல் காலை மடக்கினார்.

பதினாறாம் நாள் முட்டி 90 டிகிரி மடங்கியது. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படி பற்றி அம்மா பேச்செடுத்தார். பிசியோ வாசல் மூன்று படியைக் காட்டினார்.

நான் கிளம்பும் அன்று பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது அம்மா தன் போனை நீட்டினார். "அந்த அலாரத்த இதுல வச்சிக் குடுத்துட்டுப் போ."